ஒரு பிரெஞ்சுப் பாட்டின் ஓசை

யாப்பு என்பது கவிதைக்குப் பூட்டிய விலங்கு என்றும், மேனாட்டார் அதனை என்றோ முறித்தெறிந்துவிட்டனர் என்றும், நாமும் அவ்வாறே செய்தாலன்றித் தமிழ்க் கவிதைக்கு விமோசனம் இல்லையென்றும் சொல்வோர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் தம் கட்சிக்குச் சாட்சியாக அழைக்கும் தேசங்களுள் முதன்மையானது பிரான்ஸ். சாட்சியை அழைத்தவர் தமக்கு வேண்டிய வார்த்தையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது எந்த நியாயஸ்தலத்திலும் வழக்கந்தான். குறுக்கு விசாரணை செய்வது எதிர்த் தரப்பின் உரிமை. அவ்வுரிமையை இன்று ஒரே ஒரு பாட்டின் அளவில் நாம் செலுத்த விரும்புகிறோம். பிரெஞ்சு ஜனங்களுள் பள்ளிக்கூடத்து வாசற்படி மிதித்தவர் அனைவரும் அறிந்த பாட்டு அது.

பால் வெர்லேன் 1844-ஆம் வருஷம் மெட்ஸ் நகரிற் பிறந்து, 1896-இல் பாரிஸில் காலமானவர். சனிக்கிரகத்தின் பெயரைத் தாங்கிய அவரது முதற் கவிதைத் தொகுதி 1866-இல், அவருடைய 22-ஆம் வயதில் வெளிவந்தது. அதில் சோகமான நிலக்காட்சிகளைப் பற்றிய பகுதியொன்று உண்டு. அப்பகுதியில் உள்ளதே 'ஷான்ஸோன் தோதோன்', அதாவது இலையுதிர்காலப் பாட்டு.

இதன் பொருளைச் சொல்வதானால் மூன்று வாக்கியங்கள் போதும். இலையுதிர்காலத்துப் பிடிலோசை கவியின் உள்ளத்தை வருத்துகிறது. மணி அடிக்கும்போது பழைய நாட்கள் நினைவுக்கு வந்து கண்ணீர் பெருகுகிறது. காற்று, சருகை அலைப்பதுபோல், அவரையும் இங்குமங்கும் அலைக்கிறது. அவ்வளவே! இதில் உலகம் அதுவரை கேளாத தத்துவம் ஒன்றுமில்லை. இத்தகைய ஏக்கத்தை எந்தப் பாஷையிலும் நூறு கவிகள் பாடியிருக்கின்றனர். ஆங்கிலத்தின் வழியாகவே மேனாட்டு இலக்கியத்தை அறியும் நம்மவர் பலர் இந்தச் சாரத்தைப் படித்துவிட்டு, 'இதற்கா இத்தனை புகழ்?' என்று கேட்கக்கூடும். சட்ட அறிக்கைகளில் ஒவ்வொரு தீர்ப்புக்கும் மேலே நாலு வரியில் தலைக்குறிப்பு ஒன்று அச்சிடுவார்கள். மேற்கோள் காட்ட அது உதவும். ஆனால் வழக்கை நடத்திய இருவரின் தாபத்தையும் கோபத்தையும் அதில் தேடுவது வீண். பாட்டின் சாரமும் அத்தகையதே. இந்தப் பாட்டின் உயிர் அதன் அளவிலும் ஓசையிலும் இருக்கிறது. ஆகவே அவற்றையே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

பிரெஞ்சு யாப்பின் அளவுகோல் அசை. அது நம்முடைய நேரசை நிரையசை போன்றதன்று. ஓர் உயிரொலிக்கு ஓரசை என்ற எளிய கணக்கு. கட்டளைக் கலித்துறையில் ஒற்றை நீக்கி எழுத்தெண்ணிப் பாடும் முறையை அறிந்தவர்க்கு இது உடனே விளங்கும். அந்நாட்டின் ராஜவீதி போன்ற அடி பன்னிரண்டு அசைகள் கொண்டது. ஆறாம் அசையில் ஒரு நிறுத்தம் உண்டு. ராஸீனின் நாடகங்களும் ஹ்யூகோவின் காவியங்களும் அந்த வீதியில் நடந்தவை. வெர்லேன் இப்பாட்டில் அதை விட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கிவிட்டார். மூன்று கண்ணிகள், கண்ணிக்கு ஆறு அடிகள், நான்கசை, நான்கசை, மூன்றசை, மறுபடியும் நான்கு, நான்கு, மூன்று. ஒரு கண்ணிக்கு 22 அசைகள், பாட்டு முழுவதற்கும் 66. பெரிய அடியாற் கணக்கிட்டால் பாட்டு முழுவதும் ஐந்தரை அடிதான்!

அடிகளை இணைப்பது இயைபு. நம் செவி எதுகையை அடியின் முதலில் எதிர்பார்க்கிறது. அவர்கள் செவி ஒத்த ஓசையை அடியின் கடைசியில் எதிர்பார்க்கிறது. ஒவ்வொரு கண்ணியிலும் முதலிரண்டு அடிகள் தமக்குள் இயையும். நான்காமடியும் ஐந்தாமடியும் தமக்குள் இயையும். குறுகிய மூன்றாமடியோ துணையின்றி நின்று, ஆறாமடி வந்த பின்னரே தன் ஜோடியை அடையும். ஆகவே கண்ணியின் நடுவில் செவிக்கு ஒரு காத்திருப்பு ஏற்படுகிறது. இந்தக் காத்திருப்பை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் ஒரு யுத்தத்தில் இதற்கு வேலை இருக்கிறது.

இனி ஒரு நுட்பம். பிரெஞ்சில் பல சொற்களின் ஈற்றில் எகரத்தைப் போன்ற ஒரு மெலிந்த உயிர் எழுதப்படுகிறது. அது நம் குற்றியலுகரத்தின் உடன்பிறப்பு என்றே சொல்லத்தக்கது. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அது மறைந்துவிடும். நாடு என்பதும் இது என்பதும் சேர்ந்து நாடிது ஆவதுபோல. அடுத்து மெய் வந்தால் கவிதைக் கணக்கில் ஓரசை பெறும். அடியின் ஈற்றில் நின்றாலோ கணக்கில் சேராது. ஆனாலும் முன்னின்ற மெய்யைச் சற்றே நீட்டி ஒலிக்கச் செய்யும். இவ்வாறு முடியும் இயைபைப் பெண்ணியைபு என்றும், மற்றதை ஆணியைபு என்றும் அந்நாட்டார் வழங்குவர். வெர்லேனின் பாட்டில் நான்கசை அடிகள் பன்னிரண்டும் ஆணியைபில் முடிகின்றன. மூன்றசை அடிகள் ஆறும் பெண்ணியைபில் முடிகின்றன. ஒன்றுகூட விலக்கில்லை. இதன் பயன் யாதெனில், குறுகிய அடி வெட்டென்று நின்றுவிடுவதில்லை. குறைந்துபோன நான்காம் அசையின் இடத்தில் அந்த மெலிந்த உயிரின் நிழல் விழுகிறது. ஏறத்தாழ மூன்றரை என்று சொல்லலாம். பெருமூச்சின் கடைசிப் பகுதி ஒலியாக இராமல் வெறுங் காற்றாக முடிகிறதல்லவா? அதற்கு ஒப்பானது இது.

முதற் கண்ணியை எழுத்தெழுத்தாக எண்ணிப் பார்த்தால் வியப்பே உண்டாகும். 22 அசைகளில் 10 அசைகள் ஒகர இனத்தவை. குறிலென்றும் நெடிலென்றும் மூக்கொலி கலந்ததென்றும் சிறு வேறுபாடுகள் உண்டெனினும், வாயின் வடிவம் ஏறத்தாழ ஒன்றே. லகரம் ஏழு தடவை வருகிறது. மூக்கால் ஒலிக்கும் உயிர்கள் ஐந்து. இலையுதிர்காலத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே இரண்டு ஒகரங்களாலானது; கவி அதைக் கண்ணியின் நடுவில் வைத்து, கடைசி அடியில் மூன்று ஒகரங்களாலேயே ஆன ஒரு சொல்லால் அதற்கு விடை கூறுகிறார். மாறாத ஒரே ஸ்வரம் என்பது அச்சொல்லின் பொருள். பொருளை ஓசை சொல்லிவிட்ட பிறகு அகராதிக்கு வேலை என்ன? பிடிலைக் குறிக்கும் சொல்லையும் கவனிக்க வேண்டும். அன்றாடப் பேச்சில் இரண்டசையாக ஓடும் அச்சொல்லைக் கவி மூன்றசையாக எண்ணுகிறார். நம் புலவர்கள் அளபெடையால் ஓசையை நிறைப்பதுபோன்ற காரியந்தான். பிடிலின் மீது வில் இழுபடும் நேரம் அசைக் கணக்கிலேயே பதிவாகிவிடுகிறது.

இந்த ஓசைகளைக் கேட்பதற்கு ஆங்கிலேயரைவிடத் தமிழர்க்கே தகுதி அதிகம் என்பது நமது துணிபு. வீண் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை, காரணங்கள் உண்டு. ஆங்கிலச் செய்யுள் அழுத்தத்தால் நடப்பது. சொல்லுக்குள் ஓரசையை ஓங்கி அடித்து, மற்றதை விழுங்கிவிடும் பாஷை அது. பிரெஞ்சு அவ்வாறன்று, அசைகளைச் சமமாக ஓட்டி, சொற்றொடரின் ஈற்றசையைச் சிறிது நீட்டும். தமிழிலும் சொல்லுக்குள் அத்தகைய சம்மட்டி அடி இல்லை. மேலும், ஆங்கிலேயரைத் திணற வைக்கும் மூக்கொலி உயிர்கள் நம் வீட்டுத் திண்ணையில் தினமும் ஒலிப்பவை. 'வந்தோம்' என்று எழுதுகிறோம். பேசும்போது மகரத்தை இதழ் கூட்டி முடிக்கிறோமா? ஓகாரத்தையே மூக்கில் ஏற்றி நிறுத்திவிடுகிறோம். அதுவேதான் வெர்லேனின் முதலிரண்டு அடிகளின் இயைபொலி. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த காலத்தில், 1908 முதல் 1918 வரை அங்கு வாழ்ந்த பாரதியார் பிரெஞ்சு கற்றார் என்பது யாவரும் அறிந்ததே. பிரெஞ்சு கற்பதற்குத் தமிழ் நாவு தடையாக இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இவ்வகை ஆராய்ச்சியும் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களைப் பிரித்துக் கூறியிருக்கிறார். மெல்லெழுத்து மிகுந்து வருவது மெல்லிசை வண்ணம். இடையெழுத்து மிகுந்து வருவது இயைபு வண்ணம். வெர்லேனின் முதற் கண்ணிக்கு இவ்விரண்டின் பெயரையும் சேர்த்தே இடலாம்.

இரண்டாங் கண்ணியில் ஓசை அடியோடு மாறுகிறது. ஒகரங்கள் அநேகமாக மறைந்துவிடுகின்றன. தகரமும் ஸகரமும் ககரமும் முன்வந்து தொண்டையை அடைக்கின்றன. மூச்சுத் திணறுவதைச் சொல்லும் இடத்தில் வல்லொலிகள் நெருங்கி நிற்கின்றன. அதன் இரண்டாமடி 'எப்போது' என்னும் இணைப்புச் சொல்லோடு நின்றுவிடுகிறது. மணியோசை அடுத்த அடியில்தான் வருகிறது. மூன்றாங் கண்ணியின் முதலிரண்டு அடிகளில், பல்லும் உதடும் உரசிப் பிறக்கும் காற்றொலி மூன்று தடவை வந்து வீசுகிறது. பிறகு இரண்டிரண்டு அசைகளாகப் பிளந்த ஓரடி ஊஞ்சலைப்போல இப்புறமும் அப்புறமும் ஆடுகிறது.

அதன்பின் வருவதே பாட்டில் மிகவும் துணிச்சலான இடம். ஐந்தாமடி, பெயர்க்கு முன் வரும் சிறு சுட்டுச் சொல்லோடு முடிகிறது. 'அந்த' என்று சொல்லி அடியை நிறுத்திவிட்டு, பெயரை அடுத்த அடிக்குத் தள்ளுவது போன்றது இது. பாஷையிலேயே வலுவற்ற அச்சொல்லின்மீது இயைபின் பாரம் முழுவதும் விழுகிறது. சருகு காம்பில் ஒரு கணம் தொங்குகிறது, பிறகு விழுகிறது. 1830-இல் ஹ்யூகோவின் 'எர்னானி' நாடகம் அரங்கேறியபோது, தொடக்கத்திலேயே ஒரு பெயரும் அதன் அடைமொழியும் இரண்டு அடிகளில் பிரிந்து நின்றமைக்காகப் பழமைக் கட்சியினர் கூச்சலிட்டனர். அவர்கள் இந்த ஐந்தாமடியைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார்களோ! ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. இயைபும் அசைக் கணக்கும் இருப்பதால்தான் இது துணிச்சலாகிறது. உரைநடையில் அந்தச் சுட்டுச் சொல்லை எங்கே வைத்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

வெர்லேனை யாப்பின் பகைவராகக் காட்டுவோர் அவர் 1874-இல் எழுதிய கவிதைக்கலை பற்றிய பாட்டை எடுத்துக் காட்டுவது வழக்கம். கவியும் நண்பருமான ரேம்போவைத் துப்பாக்கியாற் சுட்ட குற்றத்திற்காக பெல்ஜியத்தில் மோன்ஸ் சிறையில் அவர் இருந்த காலம் அது. (அந்த வழக்கின் விவரங்களில் ருசி உள்ளவர்கள் வேறு பத்திரிகைகளை நாடலாம்.) இசைக்கு முதன்மை தரவேண்டும், ஒற்றைப்படை அசைகள் மேலானவை என்பது அப்பாட்டின் கட்சி. இயைபைப் பற்றிக் கடுமையான வசைகளும் அதில் உண்டு. ஆயினும் அந்த வசைகளெல்லாம் ஒழுங்கான இயைபில், அடிக்கு ஒன்பதசை பிசகாமல் பாடப்பட்டிருக்கின்றன! 1886-ஐ ஒட்டி இளங்கவிகள் கட்டற்ற கவிதையைக் கொடியேற்றியபோது வெர்லேன் அதன்கீழ் நிற்கவில்லை. 1888-இல் எழுதிய கட்டுரையொன்றில், பிரெஞ்சுக் கவிதைக்கு இயைபு இன்றியமையாதது என்றே வாதித்தார். சட்டத்தை நன்றாகக் கற்றவர் அதைத் தளர்த்தினார், எரித்துவிடவில்லை.

ஓசையெல்லாம் அறைக்குள் இருந்து ரசிப்போரின் விளையாட்டு என்று கருதுவோர்க்கு ஒரு சரித்திரச் செய்தி. 1940-இல் பிரான்ஸ் ஜெர்மானியர் காலடியில் விழுந்தது. நாட்டிற்குள் மறைந்து போராடிய தேசபக்தர்களுக்கு லண்டனிலிருந்து பி.பி.சி. வானொலி இரவுதோறும் பொருளற்றவை போலத் தோன்றும் வாக்கியங்களை ஒலிபரப்பியது. 1944 ஜூன் 1-ஆம் தேதி அவற்றினிடையே இந்தப் பாட்டின் முதல் மூன்று அடிகள் ஒலித்தன. ஜூன் 5-ஆம் தேதி இரவு அடுத்த மூன்று அடிகள் ஒலித்தன. ரயில் பாதைகளைத் தகர்க்கும் பொறுப்பை ஏற்ற ஒரு குழுவினர்க்கு அவை குறிப்பு: முதற்பாதி கேட்டால் ஆயத்தமாகுக, பிற்பாதி கேட்டால் காரியத்தில் இறங்குக. மறுநாள் காலை நேச தேசங்களின் சேனைகள் நார்மண்டிக் கரையில் இறங்கின. கலே பக்கத்தைக் காத்து நின்ற ஜெர்மன் 15-ஆவது சேனையின் ஒற்றுப் பகுதியினர் இரண்டு பாதிகளையும் கேட்டுக் குறிப்பை ஊகித்தும்விட்டனர். ஆயினும் நார்மண்டியில் இருந்த 7-ஆவது சேனை தக்க காலத்தில் உஷார்ப்படுத்தப்படவில்லை.

கண்ணி எந்த இடத்தில் வெட்டப்பட்டது என்பதைப் பாருங்கள். மூன்றாமடியின் இயைபு துணை தேடி நிற்கும் அதே இடத்தில்! ஜூன் 1 முதல் 5 வரை பிரான்ஸில் ஓர் இயைபு முடிவு பெறாமல் காத்திருந்தது. குறிப்பைத் தேர்ந்தெடுத்த அதிகாரி இதையெல்லாம் எண்ணித்தான் செய்தார் என்று நாம் வாதிக்கவில்லை. யாப்பின் மூட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கத்தி இயல்பாக இறங்கும் என்று மட்டும் சொல்கிறோம்.

அக்காலத்தில் அப்பாட்டு வாயில் வழங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஷார்ல் த்ரெனே என்ற பாடகர் 1941-இல் அதனை இக்கால மெட்டொன்றில் பாடிப் பரப்பியிருந்தார். அவர் நாலாமடியின் வினைச்சொல்லை மாற்றிவிட்டார். கவி எழுதியது 'பிளெஸ்', அதாவது புண்படுத்துதல். பாடகர் பாடியது 'பெர்ஸ்', அதாவது தாலாட்டுதல். லகரம் போய் ரகரம் வந்தது, உயிரும் அளவும் அப்படியே இருந்தன, பொருளோ தலைகீழாயிற்று. அதற்காகப் பாட்டு கெட்டுவிட்டதென்று ஜனங்கள் அதை ஒதுக்கிவிடவில்லை. பொருளை மாற்றியும் தாங்கிய அப்பாட்டு, அளவை மாற்றினால் தாங்கியிருக்குமா? நான்கசை அடியை ஆறசையாக்கிப் பாடிப் பார்த்தால் விடை தெரியும்.

இப்படிப்பட்ட பாட்டை வேறு பாஷைக்கு எவ்வாறு கொண்டுபோவது? ஆசியாவில் ஒருவர் நல்ல வழி காட்டியிருக்கிறார். ஜப்பானியப் புலவர் உவேதா பின் 1905-இல் வெளியிட்ட மேனாட்டுக் கவிதை மொழிபெயர்ப்புத் தொகுதியில் இப்பாட்டும் உண்டு. அவர் நான்கு, நான்கு, மூன்று என்ற பிரெஞ்சு அளவை நகலெடுக்கவில்லை. ஜப்பானியச் செய்யுளின் பழமையான அளவுகள் ஐந்தும் ஏழும். அவற்றுள் ஐந்தை எடுத்துக்கொண்டு, 18 அடிகளையும் பெரும்பாலும் அதே அளவில் பாடிவிட்டார். பிடிலின் பிரெஞ்சுப் பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல் ஓசைக்காக அப்படியே வைத்துக்கொண்டார். அந்தப் பாட்டு ஜப்பானில் சொந்தப் பாட்டுப்போல வழங்குகிறது.

தமிழில் இதைச் செய்ய முற்படுவோர்க்கு முதல் இடர் தலைப்பிலேயே இருக்கிறது. இலையுதிர்காலம் என்பது நாம் ஆக்கிக்கொண்ட சொல். நம் நாட்டில் மரங்கள் இலை உதிர்ப்பது பெரும்பாலும் பின்பனிக் காலத்திலும் வேனிற் தொடக்கத்திலும். அப்போது ஒருவரும் அழுவதில்லை. சரத்காலம் என்பாரும் உண்டு. அதுவோ மழை விட்டு வானம் தெளிந்த உற்சாகமான காலம். பாரிஸ் நகரத்து அக்டோபர், நவம்பர் மாதங்களின் ஈரமும் குளிரும் ஏக்கமும் நமக்கு வருவது கூதிரில், ஐப்பசி கார்த்திகையில், வாடை வீசும்போதுதான். நெடுநல்வாடையை ஒருமுறை படித்தவர் இதை மறுக்கமாட்டார். ஆனால் கூதிரில் சருகு பறக்காது, நனைந்து கிடக்கும். இதை எப்படித் தீர்ப்பது என்பது கவிகளின் பொறுப்பு.

அளவைப்பற்றி நம் யோசனை இது. இருசீர் கொண்ட குறளடியும் முச்சீர் கொண்ட சிந்தடியும் நம்மிடம் உள்ளன. ஆனால் மூலத்தில் குறுகிய அடி ஈற்றில் வருவதால், சிந்தடி இரண்டும் குறளடி ஒன்றுமாக அமைத்துப் பார்க்கலாம். அடிக்கடையில் இயைபைத் திணிப்பதைவிட அடிமுதலில் எதுகையைப் பேணுவது தமிழ்ச் செவிக்கு இசையும். ஓகாரத்தில் மகர ஈறும் னகர ஈறும் நமக்கு வேண்டிய மட்டும் இருக்கின்றன. லகர ளகர ழகரங்களோ பிரெஞ்சிலும் இல்லாத செல்வம். இவ்வாறு 18 அடிகளில் செய்து அனுப்புவோரின் பாடல்களுள் சிறந்த இரண்டினை அடுத்த மாதத்து ஞாயிறு இதழ்களில் இதே பக்கத்தில் வெளியிடுவோம். சாரத்தை மட்டும் வசனத்தில் எழுதி அனுப்பவேண்டா. அதை மேலே மூன்று வாக்கியங்களில் நாமே எழுதிவிட்டோம்.